ஆறாம் பக்கத்துப் பொங்கல்

நான் வேலை செய்த முதல் புத்தகத்துக்குத் தாள் கிடையாது. சிடியில் போட்டு, கம்ப்யூட்டரில் திறந்து, மவுஸால் தொட்டுத் தொட்டுப் படிக்க வேண்டிய கதை. கதை ஒருவர், படம் இன்னொருவர். எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் என் பொறுப்பு. ஒரு வருட உழைப்பு.

சென்னை அலுவலகத்தில் மேலாளர் சொல்லிவிட்டார்: "மூணு குடும்பத்துகிட்ட குடுத்துப் பாரு. ஒரு குடும்பமாவது புள்ளையும் பெத்தவங்களுமா கடைசிப் பக்கம் வரைக்கும் போனாதான் சிடி வெளிய வரும். இல்லன்னா இதை மூட்டை கட்டிடலாம்."

திருத்தணிக்குத் திரும்பும் ரயிலிலேயே ஒரு படிவம் தயாரித்தேன். மவுஸ் யார் கையில்? வாசிப்பது யார்? முதலில் சிரித்தது யார்? எந்தப் பக்கத்தில் நின்றார்கள்? அடியில் எனக்கே எனக்கு, சிவப்பு மையில்: பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் குடும்பத்தில் அப்பா இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டார். அடுத்ததில் அம்மா பிடித்த மவுஸை விடவேயில்லை. மகள் நான்காம் பக்கத்தில் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மிச்சம் எதிர்வீட்டு மாமாதான். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். மதியம் இரண்டு மணிக்கு ஏழு வயது மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு மணிக்குள் மலைமேல் இருக்க வேண்டும்.

ஐந்து பக்கங்கள் ஓடிவிட்டன. ஆறாம் பக்கம் முயலின் சமையலறை. அடுப்பில் சர்க்கரைப் பொங்கல். கரண்டியைத் தொட்டால் முயல் ருசி பார்த்துச் சப்புக் கொட்டும். அப்போதுதான் ஏழாம் பக்கம் திறக்கும். மூலை வெறுமையாக இருக்கிறதே என்று ஓவியர் அங்கே ஒரு குட்டிப் பிள்ளையாரையும் மணியையும் வரைந்திருந்தார்.

மகள் கரண்டிக்குப் போனாள். மாமா அவள் கையைப் பிடித்தார்.

"தொடாதே!"

"ஏம்ப்பா?"

"பிள்ளையார் பாத்துண்டிருக்கார். நைவேத்யம் ஆகறதுக்கு முன்னாடி யாராவது வாயில வெப்பாளா?"

"நான் வெக்கலப்பா. முயல்தான் வெக்கும்."

"முயலா இருந்தா மட்டும்? இருவது வருஷமா மடப்பள்ளியில நான் ஒரு பருக்கை ருசி பாத்ததில்லே."

"அதான் அன்னிக்குப் புளியோதரையில உப்பே இல்லே!"

நான் படிவத்துக்குள் குனிந்துகொண்டேன். முதலில் சிரித்தது யார் என்ற கட்டத்தில் என் பெயரை எழுத முடியாது.

அவள் மற்றதையெல்லாம் தொட்டாள். பூனை கத்தியது, பூசணிக்காய் உருண்டது. ஏழாம் பக்கம் வரவில்லை.

"ஏம்மா, இந்த முயலுக்கு வேற வழியே வெக்கலியா நீ?" என்றார் மாமா என்னிடம். ஆமா, இல்லை என்று எதுவும் புரியாதபடி தலையை ஆட்டினேன்.

மூன்றே கால். மேல்துண்டை உதறி எழுந்தார். "போலாம் வா." என் ஒரு வருடமும் அவரோடு எழுந்து நின்றது.

"இருப்பா" என்று அவள் மணியைத் தொட்டாள். டிங். சும்மா இருக்கட்டும் என்று நான் வைத்த ஓசை. டிங், டிங், டிங்! நிறுத்தவேயில்லை. மாமாவின் கைகள் தாமாகக் குவிந்தன. கண்ணை மூடினார், உதடுகள் அசைந்தன. அவர் கண் திறக்கும்வரை மணி அடித்தது.

"ஆச்சாப்பா?"

"ஆச்சு. இப்போ அதுக்குக் குடு. பாவம், ரொம்ப நாழியா நின்னுண்டிருக்கு."

முயல் சப்புக் கொட்டியது. கடைசிப் பக்கம்வரை போனார்கள். அதன்பின் மாமாதான் கெஞ்சினார்: "இன்னொரு தடவை அந்தச் சமையல்கட்டுக்குப் போயேன். அது கரண்டி பிடிக்கறதே சரியில்லே."

"கோயிலுக்கு நாழியாச்சுப்பா" என்று மவுஸைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள் மகள்.

மேலாளர் படிவத்தைப் புரட்டினார். "ஆறாம் பக்கத்துல மட்டும் ஏன் இவ்ளோ நேரம்? கம்ப்யூட்டர் நின்னுபோச்சா?"

"இல்ல சார், பூஜை."

சிடி வெளிவந்தது. அதற்கு முன் யாரிடமும் சொல்லாமல் ஒரே ஒரு திருத்தம் செய்தேன்: மணி அடித்தால்தான் கரண்டி அசையும். ஆறாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டதாகச் சில அப்பாக்கள் கடிதம் போட்டார்கள். குழந்தைகள் யாரும் போடவில்லை.