பேட்டரியோடு ஏழு வருஷம்

சும்மா இருக்கும்போது என் வலது கை ஆடாது. எதையாவது எடுக்கப் போனால்தான் ஆடும். இருபத்தைந்து வயதில் தொடங்கியது. அப்பாவுக்கும் இதே நடுக்கம் இருந்தது. ஊரில் அவரைக் குடிகாரர் என்றே நினைத்தார்கள். என்னை அப்படிச் சொல்ல முடியாததால் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். மாத்திரைகள் கொஞ்ச காலம் கேட்டன. பிறகு கேட்கவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் காபியை என் கணவர்தான் எடுத்துவந்து கொடுப்பார்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் நிலத்தில் ஒரு பகுதி கம்பெனிக்குப் போய்க் கொஞ்சம் பணம் வந்தபோது, 2008-ல், சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். மூளைக்குள் மெல்லிய கம்பி, தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேட்டரி. ஆபரேஷன் நடக்கும்போது விழித்திருக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்து, வாய்வரை கொண்டுபோகச் சொன்னார். வழக்கம்போல ஆடிக்கொண்டு கிளம்பிய கை, பாதி வழியில் அடங்கிவிட்டது.

“இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றார். டம்ளரைக் கீழே இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்னார்: “இது நோயைக் குணப்படுத்தாது. கரண்ட் ஓடுற வரைக்கும் கை சொன்னபடி கேக்கும். வருஷம் போகப்போகப் பலன் கொஞ்சம் குறையலாம்.”

அடுத்த வருஷம் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனி கேண்டீனில் பரிமாறும் வேலை கிடைத்தது. உள்ளே போகிற எல்லோரும் மெட்டல் டிடெக்டர் வாசலில் நுழைய வேண்டும். என் பேட்டரிக்கு அது ஆகாது. கேட்டில் இருந்த செக்யூரிட்டிப் பெண் திருநெல்வேலிக்காரி. ஆஸ்பத்திரி அட்டையை ஒருமுறை பார்த்ததோடு சரி. “நீங்க இப்படி வாங்கக்கா” என்று ஓரமாகக் கூப்பிட்டு, கையாலேயே தடவிப் பார்த்து அனுப்புவாள்.

ஒருநாள் அவள் லீவு. புதிதாக வந்தவர் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இதுலதான் போவணும்.” பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். கூச்சத்தில் நுழைந்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. சாம்பார் கரண்டியைத் தூக்கியபோதுதான் கை துள்ளியது. எதிரே தட்டு நீட்டிய பையனின் சட்டையெல்லாம் சாம்பார்.

“இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?” என்றான்.

அதுவரை அங்கே யாருக்கும் என் நடுக்கம் தெரியாது. கேண்டீன் சூப்பர்வைசர் என்னை உட்காரவைத்து விசாரித்தார். முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். வாசலின் காந்தம் பேட்டரியை அணைத்துவிட்டது. அதைத் திரும்ப ஓடவைக்கும் சின்ன ரிமோட் வீட்டில் இருந்தது. போன் செய்ததும் கணவர் அதை எடுத்துக்கொண்டு வண்டியில் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று ரிமோட்டை நெஞ்சருகே வைத்து அழுத்தினேன். எதிர்க் கடையில் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தேன்.

“கரண்ட் கீதா?” என்றார்.

“கீது” என்றேன். இருவரும் சிரித்தோம்.

மறுநாள் முதல் எனக்குப் பக்கவாட்டுக் கதவு என்று சூப்பர்வைசரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் வருஷம் பேட்டரி தீர்ந்து, வேறு மாற்றினார்கள். அதற்குப் பிறகும், களைத்துப்போன நாட்களில் நடுக்கம் மெல்லத் தலைகாட்டியது. டாக்டர் கரண்டைக் கூட்டினார். கை நின்றது, ஆனால் நாக்கு குழறியது. “கை முழுசா நிக்கணுமா, பேச்சு தெளிவா இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

“பேச்சு குறைஞ்சா எனக்கு நல்லதுதான் டாக்டர்” என்றார் என் கணவர்.

நான் பேச்சைத்தான் கேட்டேன். கரண்டைக் குறைத்தார்கள். தூங்கப் போகும்போது அணைத்துவைத்தால் பலன் நாள்பட நிற்கலாம் என்றார் டாக்டர்; அப்படியே செய்கிறேன்.

இந்த வருஷம் செக்கப்புக்குப் போனபோது தாளில் ஒரு சுழி வரையச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன் நான் வரைந்ததையும் பக்கத்தில் வைத்தார். பழையது கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. புதியதில் அங்கங்கே நெளிவு. ஆனால் சுழி என்று தெரிந்தது. எனக்கு அது போதும். கேண்டீனில் இப்போது சாம்பாருக்கு வேறொருத்தி நிற்கிறாள். நான் சோறும் பொரியலும் போடுகிறேன்.