டைகருக்குத் திமிர் இல்லை!

இந்த மாதம் ராஜபாளையத்தில் ஒரு பரீட்சை நடந்தது. எழுதியவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு வால் உண்டு!

என் நண்பர் ஜெபராஜ் அங்கே பேண்டேஜ் துணி ஃபேக்டரி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு போன் செய்தார்.

"ஏலே, டைகரைத் தோப்புக் காவலுக்கு அனுப்பப் போறேன். கடைசியா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ."

டைகர் அவருடைய ராஜபாளையம் நாய். பெயர்தான் டைகர், நிறம் பால் வெள்ளை. தோப்பு இருப்பதோ செண்பகத்தோப்புப் பக்கம், மலையடிவாரம். அங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. எனக்குப் பகீரென்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கை எடுத்தேன். லீவுக்கு வந்திருந்த என் மைத்துனி ஷீலா, "நாயா? நானும் வாரேன் அத்தான்" என்று பின்னால் ஏறிவிட்டாள். காலேஜில் சைக்காலஜி வகுப்பு எடுப்பவள்.

ஜெபராஜ் கையில் கட்டோடு நின்றார். கட்டு, அவர் ஃபேக்டரித் துணிதான்.

"தூங்கிட்டுக் கெடந்துச்சு. பாசமா முதுகைத் தடவுனேன்... வெடுக்குனு புடிச்சிருச்சு! கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது. எம்புட்டுத் திமிரு!"

அவர் மனைவி எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. அது அங்க போனா உசுரோட இருக்காது. நான் சொன்னா இவிய கேக்க மாட்டாவ."

ஷீலா டைகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை குட்டியில இதை எப்படிப் பாத்து எடுத்தீங்கண்ணே?"

ஜெபராஜ் முகம் மலர்ந்தது. "வெடி வச்சுத்தான்! நம்ம ஜில்லாவுல வெடிக்கா பஞ்சம்? குட்டிகளுக்குப் பக்கத்துல ஒண்ணு போட்டோம். மத்ததெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. இது அசையல. இதாம்லே வீரன்னு தூக்கிட்டு வந்தேன்."

ஷீலா துள்ளி எழுந்தாள். "அத்தான், ஒரு தட்டும் ஸ்பூனும் வேணும். இன்னொரு நாயும் வேணும்!"

தெருநாய் ஒன்றை பிஸ்கட் காட்டி அழைத்து வந்தேன். இரண்டும் வராண்டாவில் படுத்தன. ஷீலா சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தட்டை ஸ்பூனால் அடித்தாள். தட்டைத் தரையில் போட்டால் அதிர்வு காட்டிக் கொடுத்துவிடுமாம்!

டங்! தெருநாய் எகிறிக் குதித்தது. டைகர்? நிம்மதியாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"டைகர்!" என்று ஜெபராஜ் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். தெருநாய் திரும்பிப் பார்த்தது. பெயருக்குச் சொந்தக்காரர் திரும்பவில்லை.

பிறகு ஷீலா முன்னால் வந்து, வாயே திறக்காமல் கையை மட்டும் அசைத்தாள். வாலை ஆட்டிக்கொண்டு பறந்து வந்தது டைகர்!

"இதுக்குத் திமிரும் இல்ல, வீரமும் இல்லண்ணே. காது கேக்கல. வெள்ளை நாய்ல சிலதுக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். தூங்கும்போது திடீர்னு தொட்டா, பதறிக் கடிக்கத்தான செய்யும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு தட்டு, ஒரு ஸ்பூன், ஒரு தெருநாய்... அம்புட்டுதான்! இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது — ஒப்பீட்டு உளவியல். ஒரு உயிர் நடந்துகொள்வதை இன்னொரு உயிரோடு ஒப்பிட்டு, ஏன் அப்படி என்று சோதித்துப் பார்ப்பது. இதெல்லாம் எதற்கு, எலிக்கும் குரங்குக்கும் பரீட்சை வைத்து என்ன ஆகப்போகிறது என்று நானே கேலி பேசியிருக்கிறேன். ஜெபராஜும் ஒப்பிட்டார்தான்... தன்னோடு மட்டும்! வெடிக்கு அசையாத மனிதன் வீரன், கூப்பிட்டால் திரும்பாதவன் திமிர் பிடித்தவன். அதே கணக்கை நாய்க்கும் போட்டுவிட்டார். நாம் எல்லோரும் போடுகிற கணக்குதானே?

ஜெபராஜ் டைகருக்கு எதிரே, அதற்குத் தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்தார். "சிறுத்தை பின்னால வந்து நின்னாக்கூட தெரிஞ்சிருக்காதேலே..." என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

தோப்புப் பயணம் ரத்து. மறுநாள் கால்நடை டாக்டரும் ஷீலா சொன்னதையே சொன்னார். டைகரை அழைக்க, வராண்டா லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போட வேண்டும், வந்தால் ஒரு பிஸ்கட் என்று ஷீலா வீட்டுப்பாடம் கொடுத்திருந்தாள்.

நேற்று எஸ்தர் போன் செய்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"அண்ணே, பரீட்சையில டைகர் பாஸாயிருச்சு! பொறவு ஒரு கூத்து கேளுங்க. சாப்பிட வாங்கனு இவியளக் கத்திக் கத்திக் கூப்பிடுதேன். வராண்டாவுல உக்காந்து மொபைலையே பாத்துக்கிட்டு இருக்காவ. சரி, டைகருக்காச்சும் சோறு வைப்போம்னு லைட்டை அணைச்சுப் போட்டேன்... ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிக்காவ!"

பிஸ்கட் மட்டும் ஒருவருக்குத்தான் கிடைத்ததாம்.