பொழியூர்க்காரரின் வில்

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தேன். பொழியூர் மீனவர் ஒருவர், நுனிகள் முன்னோக்கி வளைந்த பழைய வெளிநாட்டு வில்லோடு வந்தார். வெயிலில் கறுத்த மனிதர். மீனெண்ணெய் மின்னிய அந்த வில்லைத் தடவிக்கொண்டே பேசினார்.

"அப்பனுக்கு ஒரு வெள்ளக்கார சாயிப்பு குடுத்ததாக்கும். வித்தா வள்ளத்துக்கு எஞ்சின் எடுக்கலாமா சாரே?"

செய்த கம்பெனியின் பெயரும் எண்ணும் வில்லில் எழுதியிருக்கும், அதைப் பார்த்தால்தான் விலை தெரியும் என்றேன்.

தடவிய கை நின்றது.

"ரெண்டு வரி எழுத்து உண்டாயிருந்து. அழுக்கா இருந்தா வெல போவாதுல்லா? வள்ளத்தச் சுரண்டுகது மாதிரி சுரண்டி, எண்ணெ போட்டாக்கும் கொண்டுவந்தேன்."

"என்ன எழுதியிருந்தது?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது."

பிறகு கண்ணை மூடி, மேசைக் கண்ணாடியில் எண்ணெய் விரலால் ஒரு வளைவு, ஒரு கோடு, மறுபடி ஒரு வளைவு வரைந்தார்.

"இப்பிடியாக்கும். இனி சொல்லுங்க."

எனக்கும் வாசிக்கத் தெரியவில்லை. கண்ணாடியை இரண்டு நாள் துடைக்காமல் வைத்திருந்தேன்.