ஏலத்தில் எடுத்த கோழி

எங்கள் தேவாலயச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக் காட்டிய கோழியை நான் எடுத்தேன். எடுத்தவர் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பதும், அதையே மறுபடி ஏலம் விடுவதும் எங்கள் வழக்கம். நான் கொடுக்கவில்லை.

“தாருங்க அக்கா, கோழிக்கு ஒண்ணும் நோவாது ஆக்கும்,” என்றார் ஏலம் விட்டவர்.

“உம்ம காலக் கெட்டித் தூக்கினா தெரியும்,” என்றேன்.

அதன்பின் யாரும் என்னோடு பேசவில்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் உதியன்குளங்கரை தாண்டி வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் வெளிநாடு போனபின் அங்கே நான் மட்டும்தான். கட்டை அவிழ்த்ததும் அது நொண்டிக்கொண்டே ஓடி, கட்டிலுக்கடியில் பதுங்கியது. போவதானால் போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். பிறகு, போய்விடுமோ என்று பயந்து, இருட்டும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.