எதிர் மேசையின் பச்சை விளக்கு

அலுவலகத்தில் அவருக்குத் தரகர் என்று பெயர். கம்ப்யூட்டருக்கும் அதில் மாட்டும் கருவிக்கும் நடுவில் நின்று பேச்சை முடித்துக் கொடுக்கிற டிரைவர் புரோகிராம் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணத் தரகர் ஆயிரம் பொய் சொல்லலாம், ஊர் மன்னித்துவிடும். இந்தத் தரகர் ஒரு பொய் சொன்னாலும் கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு புகைந்துவிடும்.

யுஎஸ்பி இணைப்பில் ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. மின்சாரம் கொடுப்பதும் கேள்வி கேட்பதும் வீட்டுக்காரர்; கேட்டதற்குப் பதில் சொல்வதோடு விருந்தாளியின் வேலை சரி. தரகரின் கருவிக்கோ ஒயர் செருக ஒரே ஒரு போர்ட். அதில் பென்டிரைவ் மாட்டினால் கருவி வீட்டுக்காரராக வேண்டும், கம்ப்யூட்டரோடு இணைத்தால் விருந்தாளியாக வேண்டும். போர்ட்டுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய பின்னில் மின்னழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் டிரைவர் வேடத்தை மாற்றும். இறங்கினால் வீட்டுக்காரர், போர்டில் பச்சை விளக்கு எரியும்.

அந்த போர்டை வடிவமைத்தவள் அவர் மனைவி. ஒரே அறை, எதிரெதிர் மேசை. "தப்பு உன் போர்டுல", "இல்ல, உங்க டிரைவர்ல" என்று இருவரும் மல்லுக்கு நிற்பதை அந்த மாடியே வேடிக்கை பார்க்கும். கடைசி சாம்பிள் போர்டைத் தன் கையாலேயே ஈயம் உருக்கி சால்டர் செய்து முடித்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் மயங்கி விழுந்தாள். தலைக்குள் கட்டி என்றார்கள், கைமீறிப் போய்விட்டது என்றார்கள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். தரகருக்குப் பசியில்லை, உட்கார்ந்திருந்தார். எதிர் மேசையில் அவள் போர்டு கிடந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, போர்ட்டில் எந்த ஒயரும் மாட்டவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்காரராகி, மின்சாரத்தைத் திறந்துவிட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று தேடி, யாரும் இல்லை என்றதும் அணைந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு எரிந்தது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள்தான் அவர். ஆனால் வாய் தானாக "வந்துட்டியா?" என்றது.

இந்த வேலையில் தலை நரைத்தவருக்குக் காரணம் தெரியாதா? சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். சாப்பாட்டு நேரத்தில் அது ஓயாமல் ஏறி இறங்கும். அந்தப் பின்னின் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் ரெசிஸ்டர் இல்லாவிட்டால், அக்கம்பக்கத்து மோட்டார் இரைச்சலுக்கெல்லாம் அது ஆடும். பூதக்கண்ணாடியில் ஒரு பார்வை போதும். அவர் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் போய்விடுவாள் என்று பயந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் அத்தையிடம் சொல்லிவிட்டார். மகளைக் கவனிக்க வந்து, மகள் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்ட மாமியார் அவர். சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தவர், அன்று எழுந்து தலை வாரிக்கொண்டு சாப்பிட்டார். அது முதல் கதவைத் திறக்கும்போதே கேள்வி வரும்.

"இன்னிக்கு வந்தாளா மாப்பிள்ளை?"

"வந்தா அத்தை."

"ரொம்ப நேரம் இருந்தாளா?"

ஒரு விளக்கை நம்பி இரண்டு ஜீவன்கள் இப்படியே ஓட்டின.

மேனேஜர் நல்ல பெண். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். "சார், மேடம் பண்ண போர்டு நாளைக்கு கஸ்டமருக்குப் போகுது. அது ஒண்ணுதான் முழுசா ஓடுது. ஆனா தானாவே வீட்டுக்காரர் ஆகுதுன்னு டெஸ்ட் ரிப்போர்ட்ல இருக்கே? அந்த நேரம் பார்த்து யாராவது சார்ஜர் மாட்டினா?"

இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் தள்ளும், போர்ட் கருகும். அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கையில பிடிச்சிருப்பாங்க சார்," என்றாள்.

அவர் போர்டை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். கடுகைவிடச் சிறிய ரெசிஸ்டர்கள். அவள் வைத்தால் கோடு போட்ட மாதிரி நிற்கும். முதல் வரிசைகள் அப்படித்தான் நின்றன. போகப்போக ஒவ்வொன்றும் சாய்ந்திருந்தது, ஈயம் வழிந்திருந்தது. பின்னைப் பிடிக்க வேண்டிய கடைசி ரெசிஸ்டர் இல்லவே இல்லை. அந்த இடத்தைச் சுற்றி, வைக்கப் பார்த்துத் தவறி, மறுபடி வைக்கப் பார்த்துத் தவறிய ஈயப் பொட்டுகள். அந்த நாட்களில் அவள் காபியைக் கொட்டியதும், "வயசாயிடுச்சு, கண்ணாடி போடு" என்று தான் கேலி செய்ததும், அவள் சிரித்ததும் அவர் ஞாபகத்துக்கு வந்தன.

ரெசிஸ்டரை அவரே வைத்தார். பின்னில் மின்னழுத்தம் ஆடினால் உடனே நம்பாதே, நிலையாக நிற்கிறதா என்று பொறுத்துப் பார் என்று டிரைவரிலும் சில வரிகள் சேர்த்தார். மதியம் லிஃப்ட் ஏறி இறங்கியது. விளக்கு எரியவில்லை. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மேலே வரும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அத்தை கேட்டுவிட்டார்.

"வரல அத்தை. இனிமே வர மாட்டா." சொல்லிவிட்டு, போர்டில் பார்த்ததையும் சொன்னார். "கை அவளுக்கு அடங்கல. எனக்குத் தெரியாமப் போச்சு."

அத்தை சுவரோரம் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. போன்ல சொன்னா, கை நடுங்குதும்மான்னு. ஆஸ்பத்திரிக்குப் போடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எதிர்லதானேம்மா உக்காந்திருக்காரு, என்னடின்னு அவரா ஒரு வார்த்தை கேக்கட்டும், அப்புறம் போறேன்'னா." அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தார். "தினமும் போன் போட்டுக் கேப்பேன், 'இன்னிக்காவது கேட்டாரா'ன்னு. 'நாளைக்குக் கேப்பாரும்மா'ம்பா."