பத்து வீட்டு ரைஸ் குக்கரும் ஒரு ப்ராசசரும்

நேற்று மகள் லேப்டாப்பைக் கம்பளியின் மேல் வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். காற்றுப் போக வழியில்லாமல் அது சூடேறி, தூசி கருகுகிற வாடை வந்தது. பதுளை பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்கு நின்ற காலத்தில் என் சட்டையெல்லாம் அந்த வாடைதான். அம்மா அதை "ஆபீஸ் வாசம்" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"அப்பா, லேப்டாப்புலயும் டெஸ்க்டாப்புலயும் ப்ராசசருக்கு ஒரே பேரு போட்டிருக்கே, ரெண்டும் ஒண்ணுதானா?" என்றாள். என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி. வாயைத் திறந்தால் முக்கால் மணி நேரம் ஓடும். முன்பொரு தடவை அப்படி ஓடித்தான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. லயத்தை விட்டு டவுனுக்கு வந்து எட்டு மாதம். கழுத்தில் டை. பதுளை வெக்கையில் அதைக் கட்டும்படி யாரும் என்னைக் கெஞ்சவில்லை. முதலாளி ரஹீம் நானாவே சாரம் கட்டிக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்திருப்பார்.

சாந்தி பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடைக்கு வந்தாள். வீட்டுப் பிளான் வரையப் படித்தவள். வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பும் வேலைக்குக் கொழும்பில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறதாம். அதற்கு ஒரு சோதனை. "இது சரிவரலைன்னா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகணும்ணே. பாஸ்போர்ட்டும் ரெடி. லேப்டாப் எடுக்கவா, டெஸ்க்டாப் எடுக்கவா?"

விடுவேனா? "பேருதான் ஒண்ணு தங்கச்சி. லேப்டாப் ப்ராசசர் கொஞ்சூண்டு கரண்டுல ஓடணும், சூடானா தானாவே வேகத்தைக் கொறச்சுக்கும். டெஸ்க்டாப்புக்கு வயிறு நெறைய கரண்டு, பெரிய ஃபேன். சளைக்காது." ஒரு சொல் பொய்யில்லை, சத்தியம். அவளுக்கு டீக்கடையிலிருந்து ஒரு பிளேன்டியும் வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வீட்டுப் பிளானை முப்பரிமாணப் படமாக்கும் வேலையை ஓடவிட்டேன். டெஸ்க்டாப் நாற்பது நிமிடத்தில் முடித்தது. லேப்டாப் அப்போதுதான் பாதி தாண்டியிருந்தது. நானே ஓடி ஜெயித்தவன் போல டையைச் சரிசெய்துகொண்டேன். அவள் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரைக்கு, மழையில் தொப்பலாக நனைந்து கடைக்குள் வந்தாள். கையில் தேயிலைக் கொழுந்துச் சாக்கு. சாக்குக்குள் கம்பளி, கம்பளிக்குள் நான் விற்ற பெட்டி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அன்றுதான் சோதனை. ஒரு வீட்டை வரைந்து, அதன் படத்தை அன்றைக்கே கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வரைந்து முடித்து, படத்தை ஓடவிட்ட நேரம், மலையிலிருந்து பகல் சோற்றுக்கு ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். லயம் என்றால் தெரியுமல்லவா, ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிய சுவரோடு பத்து வீடு. பத்து ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் ஏறினால் பல்ப் மஞ்சளாகும். வயிறு நிறையக் கரண்டு கேட்கும் என் பெட்டி அணைந்து, முதலிலிருந்து தொடங்கும். இரண்டு தடவை அப்படியாகவும், சாந்தி வீடு வீடாக ஓடியிருக்கிறாள். பத்து வீடும் குக்கரை அணைத்துவிட்டு விறகடுப்பு மூட்டியது. மூன்றாவது தடவை பாதி வந்தபோது ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்து, கரண்டே போய்விட்டது.

"நாலு மணிக்கு மூடிருவாங்கண்ணே," என்றாள். பெட்டியைத் துடைத்து வயரைச் சொருகவே இரண்டு நிமிடம். மூன்று முப்பத்திரண்டுக்கு ஓடத் தொடங்கியது.

ரஹீம் நானா சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் மகன், பேட்டரி உள்ள சாமானக் குடுத்திருந்தா மெதுவா சரி முடிச்சிருக்குமே? நீயும் லயத்துல பொறந்தவன்தானே?"

ஆமாம், லயத்தில் பிறந்தவன்தான். மஞ்சள் பல்புக்குக் கீழே சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவன். எட்டு மாதம் டை கட்டியதில் அது மறந்துபோயிற்று.

பெட்டி நான் சொன்னதைச் செய்து காட்டியது. சரியாக நாற்பது நிமிடம். நான்கு பன்னிரண்டுக்குப் படம் முழுமையாக வந்தது. கொழும்பில் கதவை மூடிப் பன்னிரண்டு நிமிடமாகியிருந்தது. எழுதிக் கேட்டோம், பதில் இல்லை.

"மெசின் நல்ல மெசின்தாண்ணே. ஒங்க மேல பிழையில்ல," என்றாள். திட்டியிருக்கலாம். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாக்கையும் கம்பளியையும் மட்டும் மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த மாதம் குவைத்.

கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். ரஹீம் நானா மௌத்தாகிப் பல வருடம். அந்த லயத்துக்குப் புதிய மின்கம்பி வந்துவிட்டது. பத்து குக்கரும் ஒன்றாகக் கொதித்தாலும் பல்ப் வெள்ளையாகவே எரிகிறதாம்.

அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துவைத்த சாந்தியின் பிளான் மட்டும் என்னிடம் இருக்கிறது. நேற்று லேப்டாப்பைக் கம்பளியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, அதை ஓடவிட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சிவப்புக் கூரை வீடு. எந்தச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டவில்லை, சுற்றி நாலு பக்கமும் நடந்து வரலாம்.

"நல்ல வீடுப்பா. யாரு இருக்காங்க இதுல?" என்றாள் மகள்.

முக்கால் மணி நேரம் பேசக்கூடிய நான், படத்தைத் திருப்பி வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். சாந்தி இன்னும் குவைத்தில்தான் இருக்கிறாள், யார் வீட்டிலோ.