நதீராவின் முக்காடு

மருதமுனையில் சுல்பிகா நெய்த சாரனுக்குக் கரை பிசகாது என்று பெயர். குழித்தறிக்குள் காலை விட்டாளென்றால் நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்கும்வரை எழும்பமாட்டாள். அந்தப் பெயரே அவளுக்கு வினையாக வந்தது.

1954இல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய மாதம். மகன் நூஹுவுக்கு ஆறு மாதம் நிறைந்து முதல் சோறு ஊட்டும் நாள். சாரனில் நாலு விரற்கடைதான் மிச்சம், முடித்துவிட்டே போவோம் என்று நினைத்தாள். எழும்பி வந்தபோது பிள்ளையின் உதட்டில் பருக்கை ஒட்டியிருந்தது. மடியில் வைத்திருந்தவள் அவளுக்கு மூத்தவள், ராத்தா நதீரா. பசியில் அழுதானாம், பிஸ்மி சொல்லி இரண்டு வாய் கொடுத்தாளாம்.

நதீராவுக்குப் பிள்ளை இல்லை. அக்கா தங்கை இருவருக்கும் சீதனமாகக் கிடைத்த வீடுகள் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு வேலிகூட இல்லை. சுல்பிகா தறியில் இருக்க, பிள்ளை ராத்தாவின் மடியில் கிடந்தான். அதுவரை அது உதவியாகத்தான் தெரிந்தது. பெற்றவள் நான் இருக்க முதல் சோறு அவள் கையாலா என்று இப்போது வயிறு எரிந்தது. பிள்ளையில்லாதவளிடம் அதை எந்த வாயால் கேட்பது?

அன்றிலிருந்து நூஹு ராத்தாவின் கைக்குத்தான் வாய் திறந்தான். தாய் ஊட்டினால் முகத்தைத் திருப்பினான். நூலுக்குப் போட்ட சாய நாற்றமாக்கும் என்று சுல்பிகா தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளியால் கையைத் தேய்த்தாள். கைதான் எரிந்தது, பிள்ளை மசியவில்லை.

பெருநாள் கழிந்ததும், தன் மாப்பிள்ளையின் சொந்தத்தில் ஒரு கலியாணமென்று நதீரா நாலு நாள் அக்கரைப்பற்றுக்குப் போனாள். சுல்பிகா உள்ளுக்குள் துள்ளினாள். தறியை மூடினாள். சோற்றைப் பருப்போடு குழைத்து நெய் விட்டு ஊட்டினாள். துப்பினான். காகம் காட்டி ஊட்டினாள், அதையும் துப்பினான். பாலை மட்டும் குடித்துவிட்டு, சோற்றுக் கோப்பையைக் கண்டதும் வாயை இறுக்கினான். மூன்று நாள் இந்தக் கூத்துத்தான்.

நாலாம் நாள் ராத்தா வீட்டுக் கொடியில் அவளுடைய பழைய முக்காடு கிடந்தது. கழுவாத துணி, கராம்பும் தேங்காயெண்ணெயும் மணத்தது. சுல்பிகா வெட்கத்தை விட்டு அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். நூஹு துணியில் மூக்கை உரசினான், வாயைத் திறந்தான். ஒரு வாய், இரண்டு வாய், கோப்பையே காலியாயிற்று. அவளுக்குச் சந்தோஷம் வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

நிமிர்ந்தால் வாசலில் நதீரா. கையிலிருந்த பெட்டியைக்கூட இறக்கவில்லை.

"உன்ட கையால தின்னுறானா?" என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது.

ராத்தாவின் வாயிலிருந்து இந்தக் கேள்வி இந்தக் குரலில் வரத்தான் சுல்பிகா இத்தனை நாள் ஏங்கியிருந்தாள். ஓமென்று தலையாட்டினாள். அப்போதுதான் நதீராவின் பார்வை முக்காட்டில் விழுந்தது. சுல்பிகாவின் முகம் சுண்டிப்போயிற்று. கழுவித் தருகிறேன் என்று முணுமுணுத்தாள்.

நதீரா பெட்டியை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"கழுவாத தங்கச்சி. கழுவினா அவன் தின்னமாட்டான்."

அதையும் இவள்தானே தெரிந்து வைத்திருக்கிறாள் என்று சுல்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் முக்காட்டைக் கழற்றவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.